மயில்துத்தம், எக்ஸ்ரே, தம்பி

போன மாதம் என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒருமுறை ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவிலில் மாறி, சுந்தரபாண்டியம் வந்துவிடுகிறான். "நீ எழுதுற பிளாக்ல ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் எழுதுற. எக்ஸ்ரே லேசர் பத்தி ஒண்ணு எழுதேன்" என்றான். "அதப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றேன். "அன்னைக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான பேசின" என்று சிரித்தான்.

அவன் சொன்ன 'அன்னைக்கு' எது என்று எனக்குத் தெரியும். 1985ஆம் வருடம்.

என்னைப் பற்றி அறியாத புதிய வாசகர்களுக்காக: நான் அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக 35 வருடம் வேலை பார்த்தவன். 1978இல் சேர்ந்தேன். இப்போது போலக் கம்ப்யூட்டர் கிடையாது. இருட்டறை, சிவப்பு விளக்கு, டெவலப்பர் தொட்டி, ஹைப்போ தொட்டி, ஈரப் பிலிமைத் தொங்கவிடும் ஹேங்கர். விரலெல்லாம் ரசாயன வாடை. சாப்பிட உட்கார்ந்தால் அம்மா முகம் சுளிப்பாள். அப்பா தறிக்காரர். வீட்டில் ஒரு குழித்தறி. தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தான்.

அவனுக்கு அந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டால் சிவகாசி என்றுதான் சொல்வேன். 1972இல் அங்கிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் தெரியும். எங்கள் தெருவில் ஒரு புத்தகம் இருபது கை மாறும். எட்டு வயதுத் தம்பி பிளக் பாயிண்டைக் கண்டால் விரலை நீட்ட ஆரம்பித்துவிட்டான். அப்பா ஓங்கி ஒன்று வைத்த பிறகுதான் நின்றது. பிறகு சுஜாதா. லேசர், கம்ப்யூட்டர் என்ற சொற்களை எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் அவர்தான்.

இன்னொரு காரணம் பக்கத்து ஊர். ராமன் விளைவு என்று நாம் சொல்கிறோமே, 1928 பிப்ரவரி 28இல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து அதைக் கண்டவர் கே.எஸ். கிருஷ்ணன். அவர் 1898இல் பிறந்தது வத்திராயிருப்பில். அப்பா தமிழும் வடமொழியும் கற்ற விவசாயி. பள்ளிப் படிப்பும் இந்தப் பக்கம்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி. அங்கே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தபோது மதிய உணவு வேளையில் யார் வேண்டுமானாலும் வந்து எந்தச் சந்தேகத்தையும் கேட்கலாம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தாராம். வேறு கல்லூரிப் பையன்களும் வருவார்களாம். பின்னாளில் டாக்காவில் படிகங்களின் காந்தக் குணத்தை அளந்தார். எக்ஸ்ரேயில் தெரியும் படிக அமைப்போடு அதை ஒப்பிட்டு, லண்டனில் இருந்த காத்லீன் லான்ஸ்டேலோடு சேர்ந்து 1936இல் கட்டுரை எழுதினார். 1940இல் எஃப்.ஆர்.எஸ். 1947இல் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். இதெல்லாம் தம்பி எனக்கு ஒப்பித்த பாடம். நான் எதையாவது "நமக்கெல்லாம் அது எட்டாதுடா" என்றால் உடனே, "வத்திராயிருப்பு என்ன அமெரிக்காவுலயா இருக்கு?" என்பான்.

சரி, 1985. பி.எஸ்ஸி. ரிசல்ட் வந்த வாரம். நான் டூட்டி முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரின் பின்னால் தம்பி. கிருஷ்ணன்கோவில் தாண்டி, தென்னந்தோப்புகள் வரும் ரோட்டில் கேட்டான்.

"அண்ணே, நீ தெனம் பிடிக்கிற எக்ஸ்ரேய லேசராக்க முடியுமா?"

"முடியாது."

"ஏன்?"

"லேசருக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி வேணும். எக்ஸ்ரேய எந்தக் கண்ணாடி திருப்பும்? ஊடுருவிப் போயிரும். இல்ல, உள்ளயே அடங்கிரும்."

பின்னால் சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மதுரைல எம்.எஸ்ஸி. சேரணும்ணே. அப்புறம் ஆராய்ச்சி" என்றான்.

அதற்கு நான் சொன்ன பதிலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்றில் நான் தப்புச் சொல்லவில்லை என்று வெகுநாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எக்ஸ்ரே டியூபில் என்ன நடக்கிறது? சூடேறிய இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, பல்லாயிரம் வோல்ட் வேகத்தில் டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன. அந்தச் சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் எக்ஸ்ரே ஆகிறது. மிச்சம் 99 பங்கும் வெறும் சூடு. அந்த ஒரு பங்கும் நாலாபக்கமும் சிதறுகிறது. ஈயம் வைத்து மறைத்து, ஒரு சின்ன ஜன்னல் வழியாக நமக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். 1895இல் ரான்ட்ஜன் கண்டதும் இதைத்தான், நான் 35 வருடம் செய்ததும் இதைத்தான்.

லேசர் வேறு ஜாதி. நெசவாளர் தெருவில் வளர்ந்தவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். காலையில் ஐம்பது தறி ஓடும். ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் 'தடக் தடக்'. வெறும் இரைச்சல். எப்போதாவது அபூர்வமாக நாலைந்து தறி ஒரே தாளத்தில் விழும். அப்போது தெருவே அதிரும். ஐம்பதும் ஒரே தாளத்தில் விழுந்தால் எப்படியிருக்கும்? அதுதான் லேசர். ஓர் ஒளித்துகள் போகிற வழியில் கிளர்ந்து நிற்கும் அணுவைத் தட்டினால், அது அதே தாளத்தில் அதே திசையில் இன்னொரு துகளை விடும் என்று ஐன்ஸ்டைன் 1917இலேயே சொல்லிவிட்டார். 1960இல் மைமன் கெம்புக்கல்லை வைத்துச் செய்து காட்டினார். ஒளியைத் திரும்பத் திரும்ப அணுக்களுக்குள் ஓட்டிப் பெருக்கத்தான் இரு பக்கமும் கண்ணாடி.

எக்ஸ்ரேக்கு இந்தக் கண்ணாடி கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், எக்ஸ்ரே விடும் அளவுக்குக் கிளர்ந்த அணு அந்த நிலையில் நிற்பதே இல்லை. கண்ணிமைப்பதில் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை, அதற்குள் சரிந்துவிடும். அது சரிவதற்குள் மற்ற அணுக்களையும் கிளர்த்தி வைக்க வேண்டும் என்றால் கொட்ட வேண்டிய சக்தி கொஞ்சநஞ்சமல்ல.

ஆனாலும் முயன்று பார்த்தவர்கள் உண்டு. இதில் எனக்கு மிகப் பிடித்த கதை 1972இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜான் கெப்ரோஸ் என்பவரும் உடனிருந்தவர்களும் ஜெலட்டினில் மயில்துத்தத்தைக் கலந்து இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து, அதன் மேல் வலுவான லேசரைக் குவித்தார்கள். ஆமாம், நம் ஊரில் சுண்ணாம்போடு கலந்து தென்னைக்குப் பூசுகிறோமே, அதே நீல மயில்துத்தம். தள்ளி வைத்திருந்த எக்ஸ்ரே பிலிமில் சின்னச் சின்னப் புள்ளிகள் விழுந்தன. பரவாமல் நேராக வந்து விழுந்த புள்ளிகள், ஆகவே எக்ஸ்ரே லேசர் என்று அறிவித்தார்கள். ஜெல்லியும் மயில்துத்தமும் மலிவான சரக்கு. பல ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தன. நம்பும்படி எதுவும் வரவில்லை. கதை அதோடு முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிலிமில் புள்ளி என்றால் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தறிக்காரரின் நெஞ்சுப் படம் எடுத்தேன். மேல் நுரையீரலில் சுண்டைக்காய் அளவு வெள்ளைப் புள்ளி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நெஞ்சில் புள்ளி என்றால் காசம்தான். டாக்டர் சந்தேகப்பட்டு மறுநாள் திரும்ப எடுக்கச் சொன்னார். இரண்டாவது படம் சுத்தம். கேசட்டுக்குள் ஏதோ தூசு ஒட்டியிருந்திருக்கிறது, நான் துடைக்கவில்லை. ஆனால் அந்த ஓர் இரவில் அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று முதல் கேசட்டைத் துடைக்காமல் பிலிம் போட்டதில்லை. இருட்டறையில் நகம் பட்டால் பிறை விழும், வறண்ட நாளில் பிலிமை உருவினால் மின்பொறி கிளை கிளையாகக் கோலம் போடும், டெவலப்பர் ஒரு சொட்டுத் தெறித்தால் புண் மாதிரி இருக்கும். யூட்டாவில் விழுந்தது என்னவோ. அவர்கள் ஆசைப்பட்டது எனக்குப் புரிகிறது.

ஆசைப்பட்டவர்களில் பெரிய கை எட்வர்ட் டெல்லர், ஹைட்ரஜன் குண்டுக்காரர். அவருடைய லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் சாப்ளின், பீட்டர் ஹேகல்ஸ்டைன் ஆகியோரின் யோசனைகளிலிருந்து ஒரு திட்டம் எழுந்தது. சக்தி போதவில்லையா, அணுகுண்டையே வெடி. குண்டைச் சுற்றி மெல்லிய கம்பிகள். வெடித்த கணத்தில் அந்தக் கம்பிகள் எக்ஸ்ரே லேசராகி, தாம் சாம்பலாவதற்குள் ஆளுக்கொரு ரஷ்ய ஏவுகணையைச் சுட்டுவிடும். பெயர் எக்ஸ்காலிபர், கதையில் வரும் மன்னர் ஆர்தரின் வாள். 1980இல் நெவாடா பாலைவனத்தில் பூமிக்கடியில் வெடித்துச் சோதித்தார்கள். 1983 மார்ச்சில் ரீகன் தொலைக்காட்சியில் பேசினார், பத்திரிகைகள் அதற்கு 'ஸ்டார் வார்ஸ்' என்று பெயர் வைத்தன. நம்மூர் டீக்கடை வரை அந்தப் பெயர் வந்தது.

இங்கே கதை எது, விஞ்ஞானம் எது என்று பிரிப்பது கஷ்டம். எச்.ஜி. வெல்ஸ் 1898இலேயே செவ்வாய்க்காரர்கள் கையில் வெப்பக் கதிர் கொடுத்து லண்டனைக் கொளுத்திவிட்டார். ரீகனின் அறிவிப்புக்குத் தூபம் போட்ட ஆலோசனைக் குழு ஒன்றை நடத்தியவர் ஜெர்ரி போர்னெல் என்ற விஞ்ஞானக் கதாசிரியர். அவரும் லாரி நிவனும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட 'ஃபுட்ஃபால்' நாவலில் அணுகுண்டு வெடிப்பிலிருந்து கதிர்க்கற்றை பிறந்து வேற்றுக் கிரகவாசிகளின் கப்பலைத் தாக்கும். டேவிட் வெபரின் விண்வெளிப் போர் நாவல்களில் இது சாதாரணக் குண்டு மாதிரி ஆகிவிட்டது. நாவலில் எல்லாம் குறி தப்பாமல் வேலை செய்தது. நெவாடாவில்தான் தகராறு. கதிரின் பலத்தை அளக்க வைத்த பெரிலியம் கண்ணாடிகளே வெடிப்பில் தாமாக ஒளிர்ந்து கணக்கைக் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்று இன்னோர் ஆய்வுக்கூடத்தார் சொன்னார்கள். திரும்பவும் கேசட்டில் தூசு! என் தூசு ஒரு வீட்டை ஓர் இரவு அழவைத்தது. அவர்களுடையதை நம்பி டாலரைக் கொட்டினார்கள். 1992இல் திட்டத்தை மூடினார்கள். ஹேகல்ஸ்டைனுக்கு முதலில் இருந்த ஆசை மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் பயன்படும் லேசர்தான் என்று படித்தபோது அந்த ஆள் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது.

இப்போது ஸ்கூட்டருக்கு வருகிறேன். நான் தம்பிக்குச் சொன்ன பதில் இதுதான்: "காமிக்ஸ் படிச்சு வளந்தவன்கிட்ட என்ன பேச? இல்லாத ஒண்ண ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிற. கண்ணாடியே கிடையாதுன்னு சொல்றேன்ல. மில் ஆபீஸ்ல ஆள் கேக்கறாங்க, போய்ச் சேரு." வீட்டில் சம்பளக்காரன் நான் ஒருவன். என் பேச்சுக்கு மேல் அப்பா பேசமாட்டார். அப்பாவுக்கு அப்போதே இருமல். தங்கை கல்யாணம் வேறு காத்துக் கிடந்தது. குடும்ப நிலைமை அப்படி, படிக்க வைக்கப் பணமில்லை. தம்பி அடுத்த மாதமே ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதச் சேர்ந்தான்.

நான் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்ன அந்தப் பொருள் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டிருந்தது. 1984இல் அதே லிவர்மோரில் டென்னிஸ் மேத்யூஸ் குழுவினர், அணுகுண்டு இல்லாமல், பெரிய லேசரை மெல்லிய செலீனியப் படலத்தில் அடித்து 20.6, 20.9 நானோமீட்டரில் லேசர் எடுத்தார்கள். பிரின்ஸ்டனில் சக்கேவர் குழு கார்பனில் 18.2 நானோமீட்டர். நான் உபயோகித்த எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் இது சோப்ளாங்கி. காற்றிலேயே கரைந்துபோகும், ஒரு காகிதத்தைத் தாண்டாது. ஆனாலும் லேசர் லேசர்தான். கண்ணாடி வைத்துத் திருப்பாமல் ஒரே ஓட்டத்தில் பெருக்கியிருந்தார்கள். கண்ணாடியே கிடையாது என்று நான் சொன்னதும் முழு உண்மை இல்லையாம். மிகச் சாய்வாகத் தட்டினால் எக்ஸ்ரேயும் திரும்பும், அடுக்கடுக்காகப் படலம் பூசினாலும் ஓரளவு திரும்பும். டிப்ளமோவில் படித்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

2009இல் ஒரு நாள் தம்பி இன்டர்நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்த நாலு பக்கத்தோடு வந்தான். அப்போது அவனுக்கு 45 வயது. முன்தலை வழுக்கை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணே, கண்ணாடி இல்லாமலே பண்ணிட்டாங்க" என்றான். குரலில் குத்தல் இல்லை. அவனே கண்டுபிடித்த மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பக்கத்தில் எஸ்.எல்.ஏ.சி. என்ற ஆய்வுக்கூடம். அங்கே மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு எலக்ட்ரானை விரட்டும் பழைய இயந்திரம் இருந்தது. அதன் கடைசி ஒரு கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு, முடிவில் நூறு மீட்டருக்கும் மேல் காந்தங்களை வடக்கு தெற்காக மாற்றி மாற்றி அடுக்கினார்கள். ஒளிவேகத்தில் வரும் எலக்ட்ரான்கள் அதற்குள் பாம்பு மாதிரி நெளிந்து போகும். நெளியும்போது எக்ஸ்ரே விடும். அந்த எக்ஸ்ரேயே எலக்ட்ரான் கூட்டத்தைத் தள்ளித் தள்ளி வரிசை வரிசையாக நிறுத்திவிடும். முதலில் ஆளுக்கொரு தாளம், போகப்போக எல்லாத் தறியும் ஒரே தாளம். அணுவும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். 2009 ஏப்ரலில் 0.15 நானோமீட்டரில் லேசர் வந்தது. இது நிஜமான எக்ஸ்ரே. அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளி அளவு. ஜான் மேடி என்பவர் இப்படி எலக்ட்ரானை நெளியவிட்டு லேசர் எடுக்கலாம் என்று 1971லேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். தம்பி அப்போது ஒன்றாம் வகுப்பு.

அந்தத் துடிப்பின் நேரம்தான் என்னை அசைத்தது. பெம்டோ விநாடிக் கணக்கு. ஒரு விநாடியை ஆயிரம் லட்சம் கோடிப் பங்காகப் போட்டால் ஒரு பங்கு ஒரு பெம்டோ விநாடி. என் வேலையில் பாதிப் பிழைப்பு, "மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க" என்று கத்துவதுதான். குழந்தைகளுக்கு அது புரியாது, படம் கலங்கிவிடும், திரும்ப எடுக்க வேண்டும், திரும்ப அந்தப் பிஞ்சு உடம்பில் கதிர். இங்கே சில பத்து பெம்டோ விநாடியில் படம் முடிந்தது. அந்த அடியில் பொருள் சிதறித்தான் போகிறது. ஆனால் சிதறுவதற்கு முன்னால் படம் விழுந்துவிடுகிறது. 2011இல் ஹென்றி சாப்மன் குழுவினர் தாவரம் சூரிய ஒளியைப் பிடிக்க உதவும் ஒரு புரதத்தின் பொடிப் படிகங்களை நீர்த்தாரையில் ஓடவிட்டு இப்படிப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படிகமும் ஒரு படம் கொடுத்துச் சாகும். ஆயிரக்கணக்கான படங்களைக் கூட்டிப் புரதத்தின் உருவத்தைக் கட்டினார்கள்.

ஜப்பானில் 2011இல் ஒன்று வந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் 3.4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் 2017இல் ஒன்று. ஸ்டான்போர்டுக்காரர்கள் 2023இல் தங்களுடையதை விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு வரை போகும்படி புதுப்பித்துவிட்டார்கள். நம் நாட்டில் இந்த அளவில் ஒன்று இல்லை. இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தில் இண்டஸ்-2 இருக்கிறது. சுமார் 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையம், நல்ல எக்ஸ்ரே தரும், ஆனால் லேசர் இல்லை. அந்த மையம் தொடங்கியது 1984இல். லேசருக்கென்றே அரசாங்கம் ஓர் ஊரில் கூடம் கட்ட ஆரம்பித்த அடுத்த வருடம்தான் நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது. பையன்களை அங்கே எடுத்திருப்பார்கள். தம்பியை எடுத்திருப்பார்களா என்று யார் கண்டது.

2009இல் அவன் அந்த நாலு பக்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் காபி குடித்துப் போனான். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. காகிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இந்தப் பதிவை எழுதி முடித்ததும் அவனுக்கே அனுப்பினேன். விஞ்ஞானத்தில் தப்பிருந்தால் திருத்து என்று சொன்னேன். பிரிண்ட் எடுத்து, கணக்கு எழுதிப் பழகிய பொடி எழுத்தில் சிவப்பு மையால் குறித்து, போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்தான். நானோமீட்டரில் ஓரிடத்தில் புள்ளி தள்ளிப் போட்டிருந்தேன், அதைச் சரிசெய்திருந்தான். மேலே திருத்திவிட்டேன். இன்னோர் இடத்தில், 'படிக்க வைக்கப் பணமில்லை' என்று எழுதியிருக்கிறேனே, அதன் கீழ் கோடு போட்டு ஓரத்தில், "அந்த வருஷம்தானே ஸ்கூட்டர் வாங்கினோம்?" என்று எழுதியிருந்தான்.

ஆமாம். பஜாஜ். பதிவு செய்து வருடக்கணக்கில் காத்திருந்து, அந்த ஏப்ரலில்தான் முழுப் பணத்தையும் கட்டி எடுத்தேன். 'வாங்கினோம்' என்றுதான் எழுதியிருக்கிறான். அந்த வரியை நான் மாற்றவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.